ராப்பலகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றின் நடுவில் ஓட்டை போட்டு, நூல் கோத்து, அந்த நூலில் வரிசையாக முடிச்சுகள் போட்டு வைத்திருக்கிறேன். குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் அந்தி நேரத்தில், பிடித்துப் பழகுவதற்காக, அதைப் பல்லில் கடித்தபடி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றால் பார்ப்பவர்கள் சும்மா போவார்களா? "என்ன மக்களே, பல்லு வலியா?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பிறகு வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

அது என்ன கருவி?

ராப்பலகை. இரவில் பார்க்கும் பலகை என்பதால் அந்தப் பெயர். சிறிய செவ்வக மரப்பலகை, அதன் நடுவிலிருந்து ஒரு நூல், நூலில் முடிச்சுகள். இவ்வளவுதான். அரபு மாலுமிகள் இதையே கமால் என்றார்கள். சோழமண்டலக் கரையிலிருந்தும் லட்சத்தீவிலிருந்தும் பாய் விரித்துப் போனவர்கள், கரை மறைந்த பிறகு தாங்கள் எவ்வளவு வடக்கே அல்லது எவ்வளவு தெற்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள இதை வைத்திருந்தார்கள். கருவியில் பித்தளை கிடையாது, கண்ணாடி கிடையாது, எழுத்தும் கிடையாது. உடைந்தால் கப்பலில் இருக்கும் ஏதாவது பலகைத் துண்டைச் செதுக்கிக்கொள்ளலாம். தொலையக் கூடாதது நூல் மட்டும்தான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எப்படிப் பிடிப்பது?

வேண்டிய முடிச்சை முன்பற்களில் கடித்துக்கொள்ளுங்கள். நூல் விறைப்பாக நிற்கும்வரை பலகையை முகத்துக்கு நேரே தள்ளுங்கள். பலகையின் கீழ்விளிம்பு கடலும் வானமும் சேரும் கோட்டைத் தொட வேண்டும். மேல்விளிம்பில் துருவ நட்சத்திரம் உட்கார்ந்தால் அந்த முடிச்சு சரி. நட்சத்திரம் விளிம்புக்கு மேலே நின்றால் நீங்கள் அந்த முடிச்சுக்கு உரிய ஊரைவிட வடக்கே இருக்கிறீர்கள். பலகைக்குப் பின்னால் மறைந்துவிட்டால் தெற்கே.

பல்லில் கடிப்பது ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு கை பலகையைப் பிடிக்க வேண்டும், மறு கை படகைப் பிடிக்க வேண்டும். ஆடுகிற வள்ளத்தில் ஒருமுறை நின்று பாருங்கள், புரிந்துவிடும்.

நட்சத்திரத்தின் உயரத்தைப் பார்த்தால் ஊர் எப்படித் தெரியும்?

துருவ நட்சத்திரம் ஏறக்குறைய பூமியின் வடதுருவத்துக்கு நேர் மேலே இருக்கிறது. வடதுருவத்தில் நின்றால் அது உச்சந்தலைக்கு மேல், 90 டிகிரியில். நிலநடுக்கோட்டில் நின்றால் அடிவானத்தில், சைபர் டிகிரியில். இடையில் எங்கே நின்றாலும் அது எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, அத்தனை டிகிரி வடக்கே நாம் இருக்கிறோம். கன்னியாகுமரி 8 டிகிரிக்குக் கொஞ்சம் மேல், அதனால் நட்சத்திரமும் 8 டிகிரி உயரத்தில். சென்னையில் 13, மும்பையில் ஏறத்தாழ 19. ஒரு டிகிரி என்பது கடலில் 60 கடல் மைல், அதாவது 111 கிலோமீட்டர்.

பழைய மாலுமிகளுக்கு டிகிரி தெரியுமா?

அவர்கள் விரலால் அளந்தார்கள். கையை நீட்டி விரலைப் படுக்கையாக வைத்தால் வானத்தில் அது மறைக்கும் உயரம் ஒரு விரல். அரபியில் இஸ்பா. வானவட்டம் முழுவதும் 224 விரல் என்பது அவர்கள் கணக்கு, ஆகவே ஒரு விரல் 1.6 டிகிரி. நம் குமரி முனையின் 8 டிகிரியை அந்த 1.6-ஆல் வகுத்துப் பாருங்கள். ஐந்து விரல் வரும். கணக்குப் போட்டு முடித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு கையளவு உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது அந்த நட்சத்திரம்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்ததுதான். ஒரு விரலை அவர்கள் எட்டாகப் பிரித்தார்கள், ஒவ்வொரு பங்கும் ஒரு ஸாம். ஸாம் என்பது மூன்று மணி நேரப் பாய் ஓட்டத்துக்கும் பெயர். நம் சாமமும் மூன்று மணி நேரம்தான், நாளுக்கு எட்டுச் சாமம்தான். ஒரு விரல் ஏறக்குறைய 96 கடல் மைல் என்றால், எட்டில் ஒரு பங்கு 12 கடல் மைல். மூன்று மணி நேரத்தில் 12 கடல் மைல் என்பது நல்ல காற்றில் ஒரு பாய்க்கப்பலின் நிதானமான வேகம். அதாவது நேர் வடக்கே ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் நட்சத்திரம் ஒரு விரல் ஏறும். வானத்தில் அளப்பது, கடலில் ஓடுவது, பொழுதைக் கணக்கிடுவது மூன்றுக்கும் ஒரே அளவுகோல்! கணக்குத் தாள் எதற்கு?

முடிச்சுகளை எப்படிப் போட்டார்கள்?

இரண்டு வழி. ஒன்று, விரல் கணக்குக்கு ஏற்ப நூலை அளந்து போடுவது. இன்னொன்று இன்னும் எளியது: ஒரு துறைமுகத்தை ஒட்டிய கடலில் நின்று நட்சத்திரத்தைப் பார்த்து, பலகையின் இரண்டு விளிம்பும் பொருந்துகிற இடத்தில் நூலில் முடிச்சு போட்டுவிடுவது. அந்த முடிச்சுதான் அந்த ஊர். திரும்பி வரும்போது அதே முடிச்சில் நட்சத்திரம் பொருந்தினால் ஊர் கிழக்கிலோ மேற்கிலோ நேராக இருக்கிறது.

நூல் தொலையக் கூடாது என்றது இதனால்தான். பலகை யார் கையிலும் பலகை. நூலோ அந்த மாலுமி போன துறைகளின் பட்டியல். அதுவும் அவர் பல்லுக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள தூரத்துக்கு ஏற்றபடி கட்டியது. என் நூலை நீங்கள் கடித்தால் சில கடல் மைல் பிசகும்.

குமரிக் கடலுக்கு இதில் என்ன தனிச்சிறப்பு?

இந்தியப் பெருநிலத்தில் துருவ நட்சத்திரம் மிகத் தாழ்வாகத் தெரியும் இடம் குமரி முனை. இது நான் இன்று கண்டுபிடித்ததல்ல. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவிலிருந்து கடல்வழியாக ஊர் திரும்பிய மார்க்கோ போலோ, சுமத்ராவிலிருந்து இதுவரை கண்ணில் படாத வட நட்சத்திரத்தைக் குமரியில் கொஞ்சம் பார்க்க முடிகிறது என்று சொல்கிறார். எப்படி? கடலுக்குள் முப்பது மைல் போனால் தண்ணீருக்கு மேல் ஒரு முழ உயரத்தில் தெரியுமாம். பிறகு மலபாரில் இரண்டு முழம், குஜராத்தில் ஆறு முழம் என்று கணக்கு ஏறுகிறது. வானத்தை முழத்தால் அளப்பது நமக்கு விசித்திரமாகத் தெரியலாம். பூக்காரம்மாவிடம் முழம் போட்டு வாங்குகிறவர்கள் நாம், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கரையிலிருந்தே பார்க்காமல் ஏன் முப்பது மைல் போகச் சொன்னார்? என் கணிப்பு இது: குமரியில் கடல் இருப்பது கிழக்கிலும் தெற்கிலும் மேற்கிலும். வடக்கே மலையும் தென்னையும். கரையில் நின்று வடக்கே பார்த்தால் நட்சத்திரத்துக்குக் கீழே தண்ணீர்க் கோடு கிடையாது. தண்ணீர்க் கோடு இல்லாமல் முழமும் இல்லை, விரலும் இல்லை.

அப்படியானால் நம் மாவட்டத்தில் ராப்பலகையைப் பயன்படுத்தவே முடியாதா?

கரையில் நின்று முடியாது. மாவட்டத்தின் மேற்குக் கோடியான நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரை எந்தக் கடற்கரையில் நின்றாலும் வடக்கே நிலம்தான். விவேகானந்தர் பாறையிலும் சரிவராது, கரை மிகப் பக்கத்தில், நாம் நிற்கும் இடமோ உயரத்தில்.

ஆனால் முப்பது மைலும் போக வேண்டாம். சின்ன வள்ளத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர் வெளியே போனாலே போதும். கரை விளக்குகளுக்குக் கீழே கடல் முடிகிற கோடு தெரியும் பாருங்கள், அதுவே அடிவானம் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மை அடிவானத்துக்கும் அதற்கும் இருக்கும் வித்தியாசம் இந்தக் கருவியின் கண்ணுக்குத் தெரியாது.

இருட்டில் அடிவானம் எப்படித் தெரியும்?

தெரியாது. பெயர் ராப்பலகையாக இருந்தாலும் நல்ல நேரம் விடிவதற்கு முன்னும் அந்தி மயங்கிய பின்னும் வரும் கொஞ்ச நேரம்தான். நட்சத்திரமும் தெரிய வேண்டும், கடல் கோடும் தெரிய வேண்டும். நிலா வெளிச்சம் இருந்தால் நடு இரவிலும் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழையில் வானமே தெரியாது என்று கவலைப்பட வேண்டாம், அந்த மாதங்களில் பாய்க்கப்பல்கள் துறையை விட்டுக் கிளம்புவதே அரிது.

நீங்கள் அளந்தபோது சரியாக வந்ததா?

வரவில்லை. அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு ஜனவரி மாதம், விடிகாலை. மாமாவின் வள்ளத்தில் முட்டத்திலிருந்து கிளம்பினோம். மாமாவுக்கு மீன், எனக்கு நட்சத்திரம். முட்டத்துக்கு உரிய முடிச்சை வீட்டிலேயே கணக்குப் போட்டு நூலின் 38-வது சென்டிமீட்டரில் கட்டி வைத்திருந்தேன். கரை விளக்குகள் ஒரு வரிசையாகச் சுருங்கிய பிறகு மாமா இன்ஜினை நிறுத்தினார். நான் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்து முடிச்சைக் கடித்தேன். வடக்கே வேளிமலைப் பக்கம் இருட்டுக் குவியல், அதற்கு மேலே தனியாக, மங்கலாகத் துருவ நட்சத்திரம். புகழ்பெற்ற நட்சத்திரம் என்று நினைத்துத் தேடினால் ஏமாந்துவிடுவீர்கள். 8 டிகிரி உயரத்தில் உப்புப் புழுதியின் வழியாகப் பார்க்கிறோம், மற்ற ஊர்களில் தெரியும் பொலிவு இங்கே கிடையாது.

கார்டின் கீழ்விளிம்பைக் கடல் கோட்டில் வைத்தேன். நட்சத்திரத்தைக் காணோம். கார்டைக் கொஞ்சம் இறக்கினால் எட்டிப் பார்க்கிறது, ஏற்றினால் மறைகிறது. பத்து முறை பார்த்தாயிற்று. நிலா அகலம் அளவுக்கு, அதாவது அரை டிகிரி, நட்சத்திரம் தாழ்ந்தே இருக்கிறது. கணக்குப்படி நாங்கள் முட்டத்துக்குத் தெற்கே 55 கிலோமீட்டரில் நடுக்கடலில் இருக்க வேண்டும். முட்டம் கலங்கரை விளக்கமோ எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. மாமா ஜிபிஎஸ் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "இது எட்டு டிகிரி ஆறு மினிட்டுன்னு சொல்லுது. ஒனக்க அட்டை என்ன சொல்லுது மக்களே?" (மினிட் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு.)

இரண்டு நாள் அந்தப் பிசகு என் தூக்கத்தைக் கெடுத்தது. கார்டும் சரி, நூலும் சரி. தவறு நட்சத்திரத்தில்!

துருவ நட்சத்திரம் அசையாது என்றுதானே படித்தோம்?

அசையும். வானத்தின் உண்மையான வடதுருவப் புள்ளியிலிருந்து இன்று அது முக்கால் டிகிரிக்கும் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கிறது. அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு நாளில் ஒரு சிறு வட்டம் போடுகிறது. அந்த வட்டத்தின் உச்சியில் இருக்கும்போது குமரியில் அதன் உயரம் 8.7 டிகிரி, அடியில் இருக்கும்போது ஏழரை டிகிரி. டிசம்பர் நடுவில் இரவு 10 மணி வாக்கில் உச்சி. மே மாதம் நள்ளிரவில் அடி. எங்கள் ஜனவரி விடிகாலையில் அது ஏறக்குறைய அடிப்பக்கம் வந்திருந்தது. அன்றைக்கே வானம் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை: சப்தரிஷி மண்டலம் வடக்கே உயரத்தில் கவிழ்ந்து கிடந்தது. சப்தரிஷி மேலே இருந்தால் துருவ நட்சத்திரம் கீழே. W வடிவ நட்சத்திரக் கூட்டமான கசியோபியா மேலே இருந்தால் துருவ நட்சத்திரமும் மேலே. இரண்டும் பக்கவாட்டில் கிழக்கே ஒன்று மேற்கே ஒன்றாக நின்றால் அளவு சரியாக இருக்கும். அடுத்தமுறை அப்படி நேரம் பார்த்துப் போனேன், முடிச்சு பொருந்தியது.

பழையவர்களுக்கு இந்தத் தொல்லை பல மடங்கு. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் துருவப் புள்ளியே நூற்றாண்டு கணக்கில் இடம் மாறுகிறது. 1500 வாக்கில் இந்த நட்சத்திரம் துருவத்திலிருந்து மூன்று டிகிரிக்கு மேல் தள்ளி இருந்தது. மார்க்கோ போலோ வந்த காலத்தில் இன்னும் அதிகம். திருத்தம் தெரியாமல் அளந்திருந்தால் ஒரே இரவில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு நானூறு கடல் மைல் வடக்கும் தெற்கும் அலைந்ததாகக் கணக்கு வரும். ஆகவே எந்த நட்சத்திரக் கூட்டம் உச்சியில் வரும்போது எத்தனை விரல் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 15-ம் நூற்றாண்டின் அரபு மாலுமி இப்னு மாஜித் எழுதிவைத்தவற்றில் பெரும்பகுதி இந்த வேலைதான். பலகை செய்வது ஐந்து நிமிட வேலை, திருத்தம் கற்பது பல வருட வேலை.

அளந்து என்ன பயன்? கடலில் போவது எப்படி?

தேங்காய்ப்பட்டினத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 8 டிகிரி 14 மினிட். நேர் மேற்கே சுமார் 450 கிலோமீட்டர் தள்ளி மினிக்காய்த் தீவு, 8 டிகிரி 17 மினிட். ஏறக்குறைய ஒரே கோடு. தேங்காய்ப்பட்டினத்தில் கட்டிய முடிச்சில் நட்சத்திரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு சூரியன் விழுகிற பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தால் மினிக்காய் வர வேண்டும். நீரோட்டம் வடக்கே தள்ளினால் நட்சத்திரம் பலகைக்கு மேலே ஏறும், உடனே தெற்கே திருப்ப வேண்டும். தாழ்ந்தால் வடக்கே. பலகை இங்கே அளவுகோல் என்பதைவிடக் கடிவாளம் என்று சொல்லலாம்.

"வர வேண்டும்" என்று ஏன் இழுக்கிறேன்? மினிக்காய் தெற்கு வடக்காகப் பத்து கிலோமீட்டர்தான் நீளம். மலை கிடையாது, தென்னந்தலைதான் அடையாளம். பலகையில் அரை டிகிரி பிசகினால் 55 கிலோமீட்டர், தீவு கண்ணிலேயே படாமல் தாண்டிவிடலாம். தாண்டினால் அடுத்தது ஆப்பிரிக்கா! அதனால் பலகையை மட்டும் யாரும் நம்பவில்லை. பறவை எந்தப் பக்கம் அடையப் போகிறது, தண்ணீர் நிறம் எப்போது மாறுகிறது, அலை எந்தத் திசையிலிருந்து உடைந்து வருகிறது, கயிற்றில் கட்டி இறக்கும் ஈயக்குண்டு எத்தனை பாகத்தில் (ஒரு பாகம் இரு கையையும் விரித்த நீளம்) தரை தட்டுகிறது, எல்லாம் சேர்ந்ததுதான் வழி.

இந்தப் பகுதியின் கடல் வரைபடத்தையே பாருங்கள். மினிக்காய்க்கு வடக்கே இருக்கும் கடல்வழி ஒன்பது டிகிரிக் கால்வாய், தெற்கே மாலத்தீவுக்கு முன்னால் எட்டு டிகிரிக் கால்வாய். பெயரே நட்சத்திரத்தின் உயரம்தான்.

கிழக்கு மேற்கு தூரம் தெரியுமா?

தெரியாது. அதற்குச் சரியான கடிகாரம் வேண்டும், 18-ம் நூற்றாண்டுவரை கப்பலில் அது இல்லை. எத்தனை சாமம் ஓடினோம் என்ற கணக்குதான் அதுவரை.

தெற்கே போனால் துருவ நட்சத்திரம் மறைந்துவிடுமே?

ஆமாம், மாலத்தீவின் தென்கோடிக்கு வந்தால் அது தண்ணீரோடு தண்ணீர். அப்போது அதற்குப் பக்கத்தில் காவல் நிற்பதுபோல இருக்கும் இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டார்கள். அரபியில் அவற்றுக்கு ஃபர்கதான் என்று பெயர். அதுவும் போதாவிட்டால் சப்தரிஷி. தென்பக்கம் திரும்பினால் அகத்திய நட்சத்திரம், தென்சிலுவை. குமரியில் அகத்தியர் உச்சிக்கு வரும்போது 29 டிகிரி உயரம், நன்றாகவே தெரிவார். பொதிகையில் இருக்கிறவர் நம் பக்கத்து வானத்திலும் இருக்கட்டுமே.

இதைக் கண்டுபிடித்தது தமிழரா, அரபியரா?

இந்தக் கேள்விக்குக் கூட்டம் சேரும். இந்துமாக்கடல் என்பது எல்லாரும் எல்லாரிடமும் கற்றுக்கொண்ட இடம், நான் இதற்குப் பட்டா எழுத மாட்டேன். சொற்களே சாட்சி. மாலுமி என்ற நம் சொல் அரபியின் முஅல்லிமிலிருந்து வந்தது, ஆசிரியர் என்று பொருள். லட்சத்தீவில் மால்மி. அவர்கள் வைத்திருந்த வழிக்குறிப்பு ஏடுகளுக்கு ரஹ்மானி என்று பெயர். சீனர்களிடம் ஒரு பலகைக்குப் பதில் பன்னிரண்டு கருங்காலிப் பலகைகள் கொண்ட தொகுதி இருந்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கப்பல்கள் கொல்லத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் வந்த காலத்து வழிப்படங்களில் நட்சத்திர உயரம் விரல் கணக்கில்தான் குறிக்கப்பட்டிருக்கிறது.

1498-ல் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவின் மலிந்தியில் ஒரு வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு கோழிக்கோட்டுக்கு வந்தார். குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்றும் மலேமோ கானா என்று பெயர் என்றும் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் எழுதுகிறார். மலேமோ என்பது அதே முஅல்லிம், கானா என்பது கணக்கன். ஆள் பெயரல்ல, தொழில் பெயர். வாஸ்கோ தன்னுடைய பெரிய அஸ்ட்ரோலாபை, அதாவது வான உயரம் அளக்கும் வட்டக் கருவியைக் காட்டினாராம், வழிகாட்டி அசரவில்லை. இந்தியக் கடல்களில் நாங்கள் வைத்திருப்பது இது என்று மூன்று பலகைகள் கொண்ட கருவி ஒன்றைக் காட்டினாராம். 1500-ல் பிரேசில் கரையிலிருந்து போர்ச்சுகலுக்குப் போன ஒரு கடிதத்தில் இந்தியப் பலகைகள் என்ற பெயர் வந்துவிட்டது. இரண்டே வருடத்தில் அட்லாண்டிக் கடலைத் தாண்டிவிட்டது நம் பலகை.

ஆங்கிலேயர் இதைப் பற்றி எழுதியது மிகவும் பிந்தி. 1836-ல் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் அரபு மாலுமிகளின் கருவிகளை விவரித்தார். அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் படித்துக்காட்டிய அதே பிரின்செப்தான். 1850-ல் காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி சோழமண்டலக் கரை மாலுமிகளின் உத்திகளைப் பற்றி எழுதினார்.

ராஜேந்திர சோழன் கடாரம் போனது இதை வைத்துத்தானாமே?

வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. 1025-ல் கடற்படை போனது உண்மை. விரல் கணக்கும் பலகையும் எழுத்தில் விவரமாக நம் கைக்கு வருவது 15-ம் நூற்றாண்டிலிருந்து. இரண்டையும் ஒட்டவைக்க நான் தயாரில்லை.

துருவ நட்சத்திரத்தைத்தானே தமிழில் வடமீன் என்பார்கள்?

இல்லை. சங்கப் பாட்டுகளில் கற்புக்கு உவமையாக வரும் வடமீன் அருந்ததி, சப்தரிஷியில் வசிட்டரை ஒட்டி மினுங்கும் சிறு நட்சத்திரம். கல்யாணத்தில் காட்டுவது அதைத்தான்.

வீட்டில் செய்ய முடியுமா?

ஏடிஎம் கார்டு, ஸ்மார்ட் ரேஷன் கார்டு எல்லாம் ஒரே அளவு, உயரம் 5.4 செ.மீ. பயன்பாட்டில் இருக்கும் ரேஷன் கார்டில் ஓட்டை போட்டு வீட்டில் திட்டு வாங்க வேண்டாம். நடுவில் துளையிட்டு நூலைக் கோத்து, கார்டிலிருந்து அளந்து முடிச்சு போடுங்கள். கன்னியாகுமரிக்கு 38.2 செ.மீ., குளச்சலுக்கு 37.8, கொல்லத்துக்கு 34.7, கொச்சிக்கு 31, நாகப்பட்டினத்துக்கு 28.6, கோழிக்கோட்டுக்கு 27.4, மங்களூருக்கு 23.9, சென்னைக்கு 23.6, மும்பைக்கு 16.2. இது கண்ணிலிருந்து கார்டுவரை உள்ள தூரம். பல்லில் கடிக்கும்போது கொஞ்சம் மாறும், தெரிந்த ஊரில் ஒருமுறை பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். நீரோடி முதல் குமரி முனை வரை நம் மாவட்டத்தின் சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை முழுவதும் இந்த நூலில் ஒரே ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆக, குளச்சலா முட்டமா என்று சொல்லும் நுட்பம் இதற்குக் கிடையாது, அந்த வேலையைக் கரையில் தெரியும் மலையும் கோயில் கோபுரமும் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, அந்த ஒரு சென்டிமீட்டர் தவறினால் குமரியில் சுமார் 23 கிலோமீட்டர் பிசகு. மும்பை முடிச்சில் அதே ஒரு சென்டிமீட்டர் சுமார் 130 கிலோமீட்டர் பிசகும். நூல் நீளமாக இருக்கும் தெற்கில்தான் சின்னப் பலகை நன்றாக வேலை செய்யும். வடக்கே போகப் போகப் பெரிய பலகை வேண்டும். சீனர்கள் பன்னிரண்டு, குஜராத்தி மாலுமி மூன்று என்று வைத்திருந்ததன் ரகசியம் இதுதான்.

இன்றைக்கு நம் மீனவர்கள் யாராவது இதை வைத்திருக்கிறார்களா?

நான் பார்த்த வள்ளங்களில் இல்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆட்கள் சுறாவுக்கும் சூரைக்கும் லட்சத்தீவையும் தாண்டிப் போகிறவர்கள். அவர்கள் கையில் ஜிபிஎஸ் இருக்கிறது, வயர்லெஸ் இருக்கிறது. "ஜிபிஎஸ் கெட்டால் இது காப்பாற்றுமா?" என்று ஒரு தம்பி கேட்டான். காப்பாற்றாது, தம்பி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது வானத்தில் ஒரு நட்சத்திரமும் இல்லை. புயல் எச்சரிக்கை போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஏடிஎம் கார்டும் நூலும் எதுவும் செய்யாது. உயிர் விஷயத்தில் பழம்பெருமை பேசுவதை நான் விரும்புவதில்லை.

மாமா மட்டும் ஒரு கார்டு கேட்டு வாங்கிக்கொண்டார். சுக்கான் பக்கம் ஆணியில் தொங்குகிறது. அதில் ஒரே ஒரு முடிச்சுதான், அவரே கடலில் நின்று போட்டது.

எந்த நூல் நல்லது?

பருத்தி நூல் வேண்டாம், உப்புத்தண்ணீர் பட்டால் சுருங்கும், முடிச்சு நகர்ந்துவிடும். தங்கூசியில், அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பில், முடிச்சு வழுக்கும், பல்லும் கூசும். வலை பின்னுகிற முறுக்கு நைலான் நூல் கடையில் கேட்டால் கிடைக்கும். ஒரு இரவு ஏதாவது கனத்தைக் கட்டித் தொங்கவிட்டு, இழுப்பு அடங்கிய பிறகு முடிச்சு போடுங்கள்.